நிதி போதாத அரசு உயர்நிலைப் பள்ளி: வகுப்பறைக்கு எப்படி உதவலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு உயர்நிலைப் பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிற முன்னாள் மாணவர்களும் பெற்றோரும் பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உயர்நிலை வகுப்புகளுக்குப் பல வருடம் அறிவியல் நடத்தியவன் என்பதால் ஆய்வகம் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன். கட்டடம், சுற்றுச்சுவர், விழா மேடை பற்றி இங்கே எதுவும் இல்லை. மணி அடித்து வகுப்பு தொடங்கிய பிறகு பாடம் நடக்க என்ன வேண்டும் என்பதைப் பற்றி மட்டும்தான்.

அரசுப் பள்ளிக்கு அரசுதானே செலவு செய்ய வேண்டும்? நாம் ஏன் கொடுக்க வேண்டும்?

அரசுதான் செய்ய வேண்டும். அதில் இரண்டாம் பேச்சே இல்லை. 2015-இல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த உலகக் கல்வி மாநாட்டின் பிரகடனமே, நாட்டின் மொத்த உற்பத்தியில் 4 முதல் 6 விழுக்காடு அல்லது அரசின் மொத்தச் செலவில் 15 முதல் 20 விழுக்காடாவது கல்விக்குப் போக வேண்டும் என்கிறது. அதை எட்டாத நாடுகள் நிறைய. எட்டிய நாட்டிலும் பணம் எல்லாப் பள்ளிக்கும் ஒரே மாதிரி போய்ச் சேர்வதில்லை. அமெரிக்காவில் பள்ளி நிதிக்கு உள்ளூர்ச் சொத்து வரி ஒரு முக்கிய ஆதாரம். வீட்டு மதிப்பு குறைந்த பகுதியில் பள்ளியின் கையும் சுருங்கும். இது அநியாயம் என்று டெக்சஸ் பெற்றோர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1973-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றது. இந்தியாவில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கானது, எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் காலடி வைக்கும் பிள்ளைக்கு அந்தச் சட்டத்தின் துணை இல்லை. தொடக்கப் பள்ளியைவிட உயர்நிலைப் பள்ளிக்குத்தான் செலவு அதிகம். ஆய்வகம் வேண்டும், பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வேண்டும், பொதுத்தேர்வுக்குத் தயார்ப்படுத்த வேண்டும்.

இதெல்லாம் சரியாகட்டும் என்று பிள்ளைகள் காத்திருக்க முடியாது. பத்தாம் வகுப்பு என்பது ஒரு மாணவிக்கு ஒரே ஒரு வருடம். நிதி ஒதுக்கீடு அடுத்த ஆண்டு திருந்தினால் அது அவளுடைய தங்கைக்கு உதவும், அவளுக்கு உதவாது. அந்த ஒரு வருடத்துக்காகத்தான் நாம் கொடுக்கிறோம். அதற்காக அரசிடம் கேட்பதை நிறுத்திவிடக் கூடாது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நிதி இல்லை என்பது வகுப்பறையில் எப்படித் தெரியும்?

வெளியிலிருந்து பார்த்தால் பல நேரம் தெரியாது. சுவருக்கு வெள்ளை அடித்திருக்கும், பெயர்ப்பலகை பளிச்சென்று இருக்கும். உள்ளே போய் ஒரு செய்முறை வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள்.

அமில, கார தரம்பார்த்தல் சோதனையை, அதாவது ஒரு கரைசலில் இன்னொன்றை அளந்து சேர்த்து அதன் செறிவைக் கண்டுபிடிக்கும் சோதனையை, எடுத்துக்கொள்வோம். அளவுக்கோடு போட்டு அடியில் திருகுகுழாய் வைத்த நீளமான கண்ணாடிக் குழலான பியூரெட்டில் அமிலம், கூம்புக் குடுவையில் காரம், அதில் நிறத்தைக் காட்டிக்கொடுக்கும் பினாப்தலீன் இரண்டு சொட்டு. குடுவையில் இருப்பது அடர்ந்த இளஞ்சிவப்பாக இருக்கும். மாணவர் ஒரு கையால் குழாயைத் திறந்து, மறு கையால் குடுவையைச் சுழற்றிக்கொண்டே, கடைசியில் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரே ஒரு சொட்டில் நிறம் மறையும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அந்த ஒரு சொட்டுதான் பாடம். பொறுமையும் கைப்பழக்கமும் அளவின் மீது மரியாதையும் அங்கேதான் வருகின்றன.

இப்போது ஒரு வகுப்புக்கே நல்ல பியூரெட் ஒன்றிரண்டுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்பார்கள். முன்னால் நிற்கும் ஒருவன் குழாயைத் திருகுவான். இன்னொருத்தி அளவைப் படித்துச் சொல்வாள். மற்றவர்கள் அவள் சொன்ன எண்ணைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். குழாய் கசிகிற பியூரெட்டாக இருந்தால் அந்த எண்ணும் தப்பு. ஆசிரியருக்கு அது தெரியும். தெரிந்தும் போன வருடத்து விடையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு அடுத்த சோதனைக்குப் போக வேண்டியிருக்கும். பதிவேட்டில் எல்லாம் முழுமையாக இருக்கும், கையெழுத்தும் இருக்கும். சோதனையை மட்டும் யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

நிதிப் பற்றாக்குறை இப்படித்தான் தெரியும். பாடம் நின்றுபோகாது, நடந்த மாதிரி ஆகிவிடும். கணக்கு வகுப்பில் வரைபடத்தாள் இல்லாமல் கோடு போட்ட நோட்டில் வரைபடம் வரைவார்கள். மாதிரி வினாத்தாளை நகல் எடுக்க வழியில்லாமல் ஆசிரியர் பலகையில் எழுதிப்போட்டே முக்கால் மணி நேரம் போய்விடும். பிள்ளைகள் கேள்வியை எழுதி முடிக்கும்போது மணி அடித்திருக்கும்.

சரி, எங்கே தொடங்குவது?

தலைமை ஆசிரியரிடம். அனுமதியும் அங்கேதான் வாங்க வேண்டும், ஏற்கெனவே யார் என்ன கொடுத்திருக்கிறார்கள் என்பதும் அங்கேதான் தெரியும். ஆனால் அவரோடு நின்றுவிடாதீர்கள். தலைமை ஆசிரியரின் மனதில் முதலில் இருப்பது கூரை, கழிப்பறை, தண்ணீர், மின் கட்டணம். அவர் சொல்லும் பட்டியலில் வகுப்பறைச் சாமான்கள் கீழே போய்விடும், சில நேரம் பட்டியலிலேயே இருக்காது. அவர் அனுமதியோடு பாட ஆசிரியர்களிடம் தனித்தனியாகப் பேசுங்கள். ஆய்வக உதவியாளர் இருந்தால் கட்டாயம் பேசுங்கள். எந்த அலமாரியில் எது உடைந்து கிடக்கிறது என்று அவரைவிட நன்றாகச் சொல்ல ஆள் இல்லை.

மாணவர்களிடமும் கேட்கலாம். கடைசி வரிசையில் உட்காரும் பிள்ளையிடம் 'அங்கிருந்து பலகையில் என்ன தெரிகிறது' என்று கேட்டால் பதில் உடனே வந்துவிடும்.

ஆசிரியரிடம் என்ன கேட்பது? 'ஏதாவது வேண்டுமா' என்றால் 'ஒன்றும் வேண்டாம் சார்' என்கிறார்களே?

அப்படித்தான் சொல்வார்கள். கேட்டு வாங்குவது கௌரவக் குறைவு என்ற எண்ணம் ஒரு காரணம். 'பள்ளியைப் பற்றி வெளியாளிடம் குறை சொன்னார்' என்று பேர் வந்துவிடுமோ என்ற பயம் இன்னொன்று. அதைவிட முக்கியமான காரணம், பல ஆசிரியர்கள் இல்லாததை வைத்தே நடத்தப் பழகிவிட்டார்கள். இல்லை என்பதே அவர்கள் கண்ணில் படுவதில்லை.

பலர் சத்தமில்லாமல் தங்கள் பையிலிருந்து எடுத்துப் போடுகிறார்கள். அமெரிக்கக் கல்வித் துறையின் புள்ளிவிவர மையம் 2014-15 கல்வியாண்டைப் பற்றி எடுத்த கணக்கெடுப்பில், அரசுப் பள்ளி ஆசிரியர்களில் 94 விழுக்காட்டினர் வகுப்புக்காகச் சொந்தப் பணத்தைச் செலவழித்ததாகத் தெரியவந்தது. அப்படிச் செலவழித்தவர்களின் சராசரி 479 டாலர். பணக்கார நாட்டிலேயே இதுதான் நிலைமை.

அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். 'போன மாதம் எந்தப் பாடத்தைச் செய்துகாட்ட முடியாமல் வாயால் சொல்லிவிட்டு நகர்ந்தீர்கள்?' 'இந்தப் பருவத்தில் உங்கள் கைக்காசு எதற்குப் போனது?' 'தேர்வுக்கு முந்தின மாதம் எது தீர்ந்துபோகும்?' இப்படிக் கேட்டால் பேச்சு வரும். சாக்பீஸ், டோனர், பேட்டரி, வடிதாள் என்று சின்னச் சின்னதாகத்தான் சொல்வார்கள். இவ்வளவுதானா என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். வகுப்பு ஓடுவது அதை வைத்துத்தான்.

பணமாகக் கொடுப்பதா, பொருளாகக் கொடுப்பதா?

முதல் தடவை என்றால் பொருளாக. ஆசிரியர் எழுதிக் கொடுத்த பட்டியலில் உள்ளதை, அவர் சொன்ன அளவிலும் வகையிலும் வாங்கிப் பள்ளிக்கே அனுப்பிவிடுங்கள். அமெரிக்காவில் டோனர்ஸ்சூஸ் என்ற அமைப்பு இதையே முறையாகச் செய்கிறது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் அரசு உயர்நிலைப் பள்ளி வரலாற்று ஆசிரியராக இருந்த சார்லஸ் பெஸ்ட் 2000-இல் தொடங்கியது. ஆசிரியர் தன் வகுப்புக்கு இன்னது வேண்டும், இதற்காக வேண்டும் என்று எழுதுவார். விருப்பமுள்ளவர்கள் அந்தக் குறிப்பிட்ட தேவைக்குப் பணம் போடுவார்கள். பணம் ஆசிரியர் கைக்குப் போகாது. அமைப்பே பொருளை வாங்கிப் பள்ளிக்கு அனுப்பும். கொடுப்பவருக்குச் சந்தேகம் இல்லை, ஆசிரியருக்கும் கணக்குத் தலைவலி இல்லை.

பழகிய பிறகு ஒரு சிறு தொகையைப் பள்ளியின் முறையான கணக்கில் போட்டு வைப்பது நல்லது. திடீரென்று புரொஜெக்டர் கேபிள் அறுந்தால் அன்றைக்கே வாங்க முடியும். தனி மனிதர் கையில் ரொக்கமாக மட்டும் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். பின்னால் வரும் ஒரு கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது, அவர் பெயர்தான் கெடும்.

டேப்லெட், ஸ்மார்ட் போர்டு வாங்கித் தரலாமா? எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

அவசரப்படாதீர்கள். பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டம் பெரிய அளவில் நடந்தது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகள் 319-ஐ எடுத்து ஆய்வு செய்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். கணினி கையில் வந்ததே தவிர, கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் ஏறவில்லை. கருவி மட்டும் போய், அதை வைத்துப் பாடம் நடத்தும் முறை மாறவில்லை என்றால் அவ்வளவுதான்.

கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு செல்லின் பிரிவை அசையும் படமாகப் பார்க்கும் பிள்ளைக்கும் பலகையில் வரைந்ததைப் பார்க்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் வாங்குவதற்கு முன் சிலவற்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் வேலை செய்கிற பிளக் பாயின்ட் இருக்கிறதா, மின்சாரம் எத்தனை மணி நேரம் நிற்கிறது, இணையத்துக்கு மாதாமாதம் யார் கட்டுவார்கள், பழுதானால் யாரைக் கூப்பிடுவது, பூட்டி வைக்க இடம் உண்டா, எந்த ஆசிரியர் அதை வைத்து நடத்தப் போகிறார். ஆசிரியரின் பெயரைச் சொல்ல முடியவில்லை என்றால் வாங்காதீர்கள். பல பள்ளிகளில் விலையுயர்ந்த கருவி துணி போர்த்தித் தலைமை ஆசிரியர் அறையில் இருப்பதைப் பார்க்கலாம். கெட்டுப்போனால் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம்தான் காரணம். கொடுக்கும்போதே 'உடைந்தால் பரவாயில்லை, உபயோகப்படுத்துங்கள்' என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அந்த ஒரு வரி துணியை எடுக்க வைக்கும்.

புத்தகங்கள் கொடுப்பது எப்போதும் நல்லதுதானே?

படிக்க முடிகிற புத்தகமாக இருந்தால் நல்லது. கென்யாவில் 1990-களின் பிற்பகுதியில் கிராமப்புறப் பள்ளிகளுக்கு அரசின் அதிகாரபூர்வப் பாடநூல்களை இலவசமாகக் கொடுத்து, என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தார்கள். ஆராய்ந்தவர்களில் ஒருவர் பின்னாளில், 2019-இல், பொருளாதார நோபல் பரிசு பெற்ற மைக்கேல் கிரெமர். சராசரி மதிப்பெண்ணில் மாற்றம் இல்லை. முன்பே நன்றாகப் படித்துவந்த பிள்ளைகள் மட்டும் இன்னும் முன்னேறினார்கள். காரணம் எளிது. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன, பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி.

எனவே வகுப்பில் நடுவில் இருக்கும் பிள்ளை எந்த மொழியில், எந்த அளவு கடினத்தில் படிக்கும் என்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஒரே நூலில் பல பிரதிகள் கொடுப்பதும் நல்லது. ஒரே கதையைப் பத்துப் பேர் ஒரே வாரத்தில் படித்தால் வகுப்பில் பேச்சு தானாகக் கிளம்பும். போட்டித் தேர்வு கையேடுகளையே எல்லோரும் கொடுக்கிறார்கள். ஒரு நல்ல அகராதி, ஒரு சுவர் வரைபடம், ஒரு தனிம அட்டவணை ஆகியவற்றை நினைப்பவர்கள் குறைவு.

வீட்டில் இருக்கும் பழைய பொருட்களைக் கொடுக்கலாமா?

சிலவற்றை. நல்ல நிலையில் உள்ள கணக்கிடும் கருவி, ஜியாமெட்ரி பாக்ஸ், கதைப் புத்தகம், மேசை விளக்கு ஆகியவற்றை யோசிக்காமல் கொடுக்கலாம். புளூட்டோவை ஒன்பதாவது கோள் என்று சொல்லும் வானியல் புத்தகம் வேண்டாம். 2006-லேயே அது குறுங்கோள் ஆகிவிட்டது. தெற்கு சூடான் இல்லாத உலக வரைபடம் 2011-க்கு முந்தையது, அதுவும் வேண்டாம். 'ஏழைப் பிள்ளைக்கு இது போதும்' என்ற நினைப்பு எங்கேயாவது எட்டிப் பார்த்தால் அந்தப் பொருளை எடுத்து வைத்துவிடுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது உடனே புரிந்துவிடும்.

பாதரச வெப்பமானி, பழைய வேதிப்பொருள் இவற்றை ஒருபோதும் கொடுக்காதீர்கள். பாதரசத்தின் கேட்டினால்தான் 2013-இல் மினமாட்டா உடன்படிக்கை என்று உலக நாடுகள் ஒப்பந்தமே போட்டன.

அறிவியல் ஆய்வகத்துக்குக் குறைந்த செலவில் எதைக் கொடுத்தால் பயன் அதிகம்?

எண்ணிக்கையைக் கூட்டுங்கள். புதுப்புதுக் கருவி தேவையில்லை, இருப்பதே இன்னும் பத்து வேண்டும். மேசைக்கு ஒன்றாக இருக்கும் பியூரெட் இரண்டு பேருக்கு ஒன்றாக ஆனால் அந்த ஆய்வகம் வேறு ஆய்வகம். சோதனைக் குழாய், குடுவை, வெர்னியர் அளவி, ஸ்க்ரூகேஜ், அம்மீட்டர், வோல்ட்மீட்டர், குவிலென்ஸ், காந்த ஊசி என்று எதுவானாலும் இதே கணக்குதான். கண்ணாடிச் சாமான் வெப்பம் தாங்கும் போரோசிலிகேட் வகையா என்று பார்த்து வாங்குங்கள். சாதாரணக் கண்ணாடி முதல் சூட்டிலேயே விரிசல் விடும்.

அடுத்தது, பழுது பார்ப்பது. புதிதாக வாங்குவதைவிட இது மலிவு, ஆனால் யாரும் முன்வருவதில்லை. அலமாரியில் கிடக்கும் நுண்ணோக்கியில் பெரும்பாலும் பெரிய கோளாறு இருக்காது. லென்ஸில் பூஞ்சை படிந்திருக்கும், அல்லது கீழே உள்ள ஆடி தொலைந்திருக்கும், அல்லது பற்சக்கரம் இறுகியிருக்கும். விஷயம் தெரிந்த ஒருவர் ஒரு நாள் உட்கார்ந்தால் பாதிக்கு உயிர் வந்துவிடும். வெர்னியர் அளவியின் சுழிப்பிழையை, அதாவது எதையும் அளக்காதபோதே பூச்சியம் காட்டாமல் விலகி நிற்கும் அளவை, சரிபார்த்து ஒவ்வொன்றிலும் சின்னச் சீட்டு ஒட்டிக் கொடுப்பதுகூடப் பெரிய உதவி.

பாதுகாப்பை மறக்காதீர்கள். அமிலம் கையாளும் பிள்ளைகள் கண்ணில் கண்ணாடி இல்லாமல் நிற்பது எனக்கு இன்றைக்கும் மனதைப் பிசைகிற காட்சி. ஒரு வகுப்புக்குப் போதுமான பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முதலுதவிப் பெட்டி, மணல் வாளி, தீயணைப்பான். இவை ஒரு ஸ்மார்ட் போர்டின் விலையில் சிறு பங்குதான். பழைய அலமாரியில் பெயர்ச்சீட்டு உதிர்ந்த புட்டிகள் இருந்தால் நீங்களாகத் தொடாதீர்கள். பிக்ரிக் அமிலம் போன்றவை ஈரம் வற்றிக் காய்ந்தால் வெடிக்கக் கூடியவை. அதற்கென்று பயிற்சி பெற்றவர்களை வரவழைக்கச் செலவை ஏற்பதும் ஒரு கொடைதான்.

பாடத்துக்கு நேரடித் தொடர்பில்லாத உதவி எதாவது உண்டா?

உண்டு. அதில் முதலிடம் கண்ணுக்கு. வடமேற்குச் சீனாவின் கிராமப் பள்ளிகளில் பார்வைக் குறைவுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி கொடுத்துச் செய்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. கணக்கு மதிப்பெண் கூடியிருந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் பள்ளிகளில் செய்து 2021-இல் வெளியான ஆய்விலும் முதல் வருடம் முன்னேற்றம் தெரிந்தது. இரண்டாம் வருடம் அது நிலைக்கவில்லை. கண்ணாடி தொலைந்தும் உடைந்தும் போயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஆகவே பரிசோதனை முகாம் நடத்திக் கண்ணாடி கொடுத்தால் மட்டும் போதாது. உடைந்தால் மாற்றுக் கண்ணாடிக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் கண் தெரியவில்லை என்பதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவார்கள், ஆசிரியர் 'காப்பி அடிக்கிறான்' என்பார். காது மந்தமும் இப்படித்தான், 'கவனம் இல்லை' என்று பேர் வாங்கும்.

மாணவிகளுக்கென்று தனியாக ஏதாவது?

மாதவிடாய் நாட்களில் நாப்கினும் பூட்டக்கூடிய கழிப்பறையும் குப்பைத்தொட்டியும் இல்லாவிட்டால் மாணவி வீட்டிலேயே இருந்துவிடுவாள். மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் என்றால் ஒரு வருடத்தில் எவ்வளவு பாடம்! ஸ்காட்லாந்து 2020-இல் சட்டமே போட்டு, பள்ளிகளில் இவற்றை இலவசமாக வைக்க வேண்டும் என்று ஆக்கியது. நாம் செய்யக்கூடியது, தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது. ஆசிரியையிடம் கேட்டு வாங்குகிற ஏற்பாடாக வைக்காதீர்கள். கழிப்பறையிலேயே, யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி இருக்கட்டும்.

மின்விசிறி, விளக்கு போன்றவை வகுப்பறைத் தேவையா?

சந்தேகமே வேண்டாம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர் சுமார் ஒரு கோடிப் பேரின் தேர்வு மதிப்பெண்களை வைத்து 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று, குளிர்சாதனம் இல்லாத பள்ளிகளில் கல்வியாண்டின் சராசரி வெப்பம் ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி கூடினால் அந்த ஆண்டின் கற்றலில் ஏறக்குறைய 1 விழுக்காடு குறைகிறது என்று காட்டியது. வெப்பத்தால் படிப்பு கெடுகிறது என்பது வெறும் புலம்பல் அல்ல. ஓடாத மின்விசிறியை ஓட வைப்பது, எதிரெதிர் சன்னல்களைத் திறக்கும்படி செய்வது, கூரையில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பது, பலகையில் வெளிச்சம் பட்டுக் கண் கூசாமல் ஒரு திரை போடுவது எல்லாமே பாட உதவிதான்.

என்னிடம் பணம் இல்லை, நேரம்தான் இருக்கிறது.

அப்படியானால் பணம் உள்ளவரைவிட நீங்கள் பல நேரம் அதிகம் செய்யலாம். வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஒரு வருடம் முழுக்க, ஒரே நாளில் வர முடியுமா? அதுதான் முக்கியம். ஆர்வத்தில் முதல் மாதம் தினமும் வந்துவிட்டு மறைந்துபோவது பிள்ளைகளுக்கு நல்லதல்ல.

நூலகப் புத்தகங்களை அட்டவணைப்படுத்தலாம். செய்முறை வகுப்பில் ஆசிரியருக்கு இன்னொரு ஜோடிக் கையாக நிற்கலாம். வாசிப்பில் திணறும் பிள்ளையோடு உட்கார்ந்து படிக்கலாம். கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகைப் படிவம் நிரப்பக் கற்றுக்கொடுக்கலாம். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு இந்தக் கடைசி உதவி பெரிது. படிவத்தில் ஒரு கட்டம் தவறினால் வாய்ப்பே போய்விடும். எது செய்தாலும் ஆசிரியர் சொல்லுக்குக் கீழே நின்று செய்யுங்கள். பிள்ளைகளோடு இருக்கும்போது பள்ளியின் பாதுகாப்பு விதிகளை, எவ்வளவு கெடுபிடியாகத் தோன்றினாலும், அப்படியே கடைப்பிடியுங்கள்.

கொடுக்கும்போது படம் எடுத்துக்கொள்ளலாமா?

பொருளைப் படம் எடுங்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு நோட்டைக் கையில் கொடுத்து எடுக்காதீர்கள். அந்தப் படம் நாளைக்கு இணையத்தில் கிடக்கும். அந்தப் பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் கிடக்கும். நன்றி சொல்ல வைக்கும் விழாவும் வேண்டாம், அதற்கு ஒத்திகை பார்த்தே இரண்டு நாள் பாடம் போகும். தனி ஒரு மாணவருக்கு உதவ நினைத்தால் பள்ளி வழியாக, பெயர் தெரியாமல் செய்யுங்கள். ஒரு அலமாரியில் நோட்டு, பேனா, கால்குலேட்டர் வைத்து, தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்ளலாம் என்று விடுவது மிக நல்ல ஏற்பாடு. 'யாராவது அள்ளிக்கொண்டு போய்விட்டால்?' என்று கேட்பார்கள். போனால் போகட்டும், அதுவும் யாரோ ஒரு பிள்ளை எழுதத்தானே போகிறது.

கணக்கு வழக்கு எப்படி?

கொடுத்த பொருள் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவேட்டில் ஏறாத பொருள் ஆசிரியர் மாறும்போது காணாமல் போகும். ரசீதின் நகலைப் பள்ளியிலும் வைத்து, நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். பலர் சேர்ந்து கொடுத்தால் வரவு செலவை எல்லோரும் பார்க்கும்படி எழுதி ஒட்டிவிடுங்கள். அவ்வளவுதான், இதைப் பெரிதாக்க வேண்டாம்.

ஒரு தடவை கொடுத்துவிட்டோம். போதுமா?

வேதிப்பொருள் தீரும், டோனர் தீரும், பேட்டரி தீரும். ஒரே தடவை பெரிதாகக் கொடுத்துவிட்டுப் போவதைவிட, பருவத்துக்கொரு முறை சிறிதாகக் கொடுப்பது வகுப்புக்கு உதவும். கல்வியாண்டு தொடங்குவதற்கு முன்னால் ஒரு முறை, செய்முறைத் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் ஆசிரியரும் அதை நம்பித் திட்டமிடுவார். அவர் பாடத் திட்டத்தில் ஒரு சோதனையைத் துணிந்து சேர்ப்பது அந்த நம்பிக்கையில்தான்.

பயன் வந்ததா என்று பார்க்க மதிப்பெண் பட்டியலைக் கேட்காதீர்கள். மதிப்பெண் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நூறு காரணம் உண்டு. பெட்டி பிரிக்கப்பட்டதா, பொருளில் கீறலும் கறையும் விழுந்திருக்கிறதா, ஆசிரியர் 'அது தீர்ந்துபோச்சு, இன்னும் கொஞ்சம் வேண்டும்' என்கிறாரா என்று பாருங்கள்.

நாம் கொடுக்கக் கொடுக்க, அரசு தன் பொறுப்பிலிருந்து நழுவிவிடாதா?

நழுவ வாய்ப்பு உண்டு. இந்தக் கவலை எனக்கும் உண்டு. வசதியான முன்னாள் மாணவர்கள் உள்ள பள்ளி செழிக்கும், யாருமில்லாத பள்ளி அப்படியே கிடக்கும் என்ற ஆபத்தும் இருக்கிறது.

அதற்கு ஒரு வழி, கொடுக்கிற ஒவ்வொன்றையும் கேட்கிற மனுவாகவும் ஆக்குவது. இந்த வருடம் என்னென்ன கொடுத்தீர்கள், ஒவ்வொன்றும் எந்த வகுப்பின் எந்தப் பாடத்துக்கு, அரசு விதிப்படி அது பள்ளியில் இருந்திருக்க வேண்டிய பொருளா என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பாட ஆசிரியரை இதில் இழுக்காமல், பெற்றோர் குழுவின் பெயரிலோ முன்னாள் மாணவர்கள் பெயரிலோ கல்வி அதிகாரிக்கும் உங்கள் தொகுதி மக்கள் பிரதிநிதிக்கும் அனுப்புங்கள். 'பள்ளிக்கு நிதி தேவை' என்ற பொதுவான மனு கோப்புக்குள் போய்விடும். 'பத்தாம் வகுப்பில் இத்தனை மாணவர், பாடத்திட்டத்தில் இத்தனை சோதனை, ஆய்வகத்தில் இருந்த பியூரெட் இத்தனை, நாங்கள் வாங்கிக் கொடுத்தது இத்தனை, மீதி எப்போது வரும்?' என்று கேட்டால் அதற்கு யாராவது பதில் எழுதித்தான் ஆக வேண்டும். பதில் வராவிட்டால் தகவல் அறியும் சட்டம் உள்ள நாடுகளில் அதன் வழியாக, பள்ளிக்கு ஒதுக்கப்பட்டது எவ்வளவு, வந்து சேர்ந்தது எவ்வளவு, எப்போது வந்தது என்று கேளுங்கள். பணம் ஒதுக்கியும் கல்வியாண்டின் கடைசி மாதத்தில் வந்து சேர்வதுதான் பல இடங்களில் கோளாறு. அந்த அவசரத்தில் எதையாவது வாங்கிக் கணக்கை முடிப்பார்கள். ஒதுக்கிய பணம் முதல் பருவத்திலேயே வர வேண்டும் என்பதையே முதல் கோரிக்கையாக வையுங்கள். அடுத்த வருடம் அதே பட்டியலைப் புதுப்பித்து மறுபடியும் அனுப்புங்கள். பக்கத்துப் பள்ளிக்கும் அதே மாதிரி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், அங்கே எழுத ஆள் இருக்காது.